பிளாஸ்மா திரையின் நிறம்: கடைசியில் தொடவேண்டிய அளவு

பிளாஸ்மா டிவியில் நிறம் மங்கிவிட்டது என்று தோன்றினால் கை தானாக 'கலர்' என்ற அளவுக்குப் போகும். அதை ஏற்றியதும் முகங்கள் சிவந்துவிடும். சிவப்பைத் தணிக்க டின்ட்டை நகர்த்தினால் புல்வெளி மஞ்சளாகும். அதைத் திருத்த 'விவிட்' என்ற முறைக்குத் தாவினால் எல்லாம் பளபளக்கும். ஆனால் கறுப்புச் சட்டையின் மடிப்புகள் காணாமல் போயிருக்கும். இப்படிச் சுற்றுவதற்குக் காரணம் திரையின் முதுமை மட்டுமல்ல, வரிசை தலைகீழாக இருப்பதும்தான். பிளாஸ்மாவில் நிறக்கோளாறாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை கறுப்பிலும் வெள்ளையிலும் அறை வெளிச்சத்திலும் பிறப்பவை. அவற்றைச் சரிசெய்தபின் 'கலர்' அளவுக்கு மிஞ்சும் வேலை மிகக் குறைவு. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வரிசையைப் பற்றியது.

பழைய டிவிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. பயனியர் 2009இல் இத்துறையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013 டிசம்பரோடும், சாம்சங், எல்ஜி இரண்டும் 2014இலும் உற்பத்தியை நிறுத்தின. ஆக, இன்று ஓடும் எந்த பிளாஸ்மாவுக்கும் வயது பத்தைத் தாண்டிவிட்டது. புதிய பேனல் இனி வரப்போவதில்லை. ஆனால் நன்றாக அமைக்கப்பட்ட ஒரு பிளாஸ்மா, இருண்ட அறையில், விலை குறைந்த புதிய எல்இடி டிவிகள் பலவற்றைவிட ஆழமான கறுப்பும் இயல்பான தோல்நிறமும் தரும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் அந்த நிறம் வெளுக்காது. நல்ல ஓஎல்இடியோடு அது போட்டியிட முடியாது என்பதும் உண்மைதான். கையில் இருப்பதைச் சரிசெய்வதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை என்பதால் அந்த ஒப்பீடு இங்கே தேவைப்படாது.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று செய்திகள்

திரையின் ஒவ்வொரு புள்ளியும் மூன்று நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையிலும் நியானும் செனானும் கலந்த வாயு இருக்கிறது. மின்துடிப்பு பாயும்போது வாயு புறஊதாக் கதிரை வெளியிடும். அறையின் சுவரில் பூசியிருக்கும் பாஸ்பர் அதை வாங்கிச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். இதிலிருந்து மூன்று விளைவுகள் கிளைக்கின்றன, நாம் செய்யப்போகும் எல்லாமே இவற்றைச் சார்ந்தவை.

முதலாவது, இந்த அறைகளுக்குப் பாதி ஒளி தெரியாது. எரியும் அல்லது அணையும், அவ்வளவே. மங்கலான நிறம் வேண்டுமானால் குறைவான துடிப்புகள், பிரகாசமான நிறம் வேண்டுமானால் நிறைய துடிப்புகள். இருண்ட பகுதிகளில் துடிப்புகளே சில என்பதால் அங்கே சாயல்களின் எண்ணிக்கை குறைந்து, பிரைட்னஸை ஏற்றும்போது புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். இரண்டாவது, மின்சாரத்துக்கு வரம்பு உண்டு. திரை முழுக்க வெள்ளையானால் டிவி தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். கிரிக்கெட் மைதானமோ பனிமலையோ வரும் காட்சியில் படம் மங்குவது பழுதல்ல. மூன்றாவது, மூன்று பாஸ்பர்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. நீலம்தான் முதலில் தளரும். அதனால் நெடுநாள் ஓடிய பேனல் மெல்ல மஞ்சள் பக்கம் சாயும்.

தொடங்குமுன்: கறுப்பு-வெள்ளைச் சோதனை

எதையும் திருத்துமுன் 'கலர்' அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். படம் இப்போது முழுக்கக் கறுப்பு-வெள்ளையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு திரைப்படக் காட்சியைச் சில நிமிடம் பாருங்கள். சாம்பல் நிறம் எங்கும் சாம்பலாகவே இருந்தால் உங்கள் சிக்கல் உண்மையிலேயே 'கலர்' அளவில் இருக்கலாம். பெரும்பாலும் அப்படி இருக்காது: வெளிச்சமான பகுதிகள் நீலமாகவோ, நிழல்கள் பச்சையாகவோ செம்மையாகவோ சாய்ந்திருக்கும். நிறமே இல்லாத படத்தில் நிறம் தெரிகிறது என்றால் அது 'கலர்' அளவின் வேலையல்ல, வெள்ளைச் சமநிலையின் கோளாறு. எந்த நிறத்தை ஏற்றினாலும் அந்தச் சாயல் கூடவே வரும். முகம் மஞ்சளாகத் தெரிவதற்குக் 'கலர்' அளவை இறக்குகிறவர் முகத்தின் உயிரை எடுக்கிறார், மஞ்சளை அல்ல. இந்த ஒரு சோதனையே இவ்வத்தியாயத்தின் வாதத்துக்குப் போதிய சான்று. செய்து பார்த்துவிட்டு அளவைப் பழைய இடத்துக்கு மாற்றுங்கள்.

தயாரிப்பு

1. டிவியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, கண்ணாடி ஆறும்வரை காத்திருங்கள். பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கறை போகவில்லையென்றால் துணியை வடிநீரில் லேசாக நனைத்துப் பிழியுங்கள். நீரைத் திரைமீது நேராகத் தெளிக்கக் கூடாது. அம்மோனியாவோ ஆல்கஹாலோ கலந்த கண்ணாடித் திரவங்கள் முன்புறப் பூச்சைக் கெடுத்துவிடும்.

2. அணைந்திருக்கும் திரையை, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போது தெரியும் சாம்பல்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக ஆழமான கறுப்பு. பாஸ்பர் வெளிர்நிறப் பொடி. அறையின் ஒளி அதில் பட்டுத் திரும்பி எல்லா நிறத்தோடும் வெள்ளையைக் கலக்கும். எந்த மெனுவும் அதைக் கழிக்க முடியாது. திரைக்கு எதிரேயுள்ள ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவதும், எதிர்ச்சுவர் விளக்கை அணைப்பதும் இந்த அத்தியாயத்திலேயே மலிவான, பலன் மிகுந்த திருத்தம். முழு இருட்டு உறுத்தினால் டிவிக்குப் பின்னால், கண்ணில் படாதபடி, 6500 கெல்வின் கொண்ட சிறு விளக்கு ஒன்று வைக்கலாம்.

3. டிவியைக் குறைந்தது அரைமணி நேரம் ஓடவிடுங்கள். பேனல் சூடாகும்வரை ஒளியும் நிறமும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

4. படமுறையைச் 'சினிமா', 'மூவி' அல்லது 'டிஹெச்எக்ஸ்' என்பதற்கு மாற்றுங்கள். 'டைனமிக்', 'விவிட்' வேண்டாம். அவை கடைவீதி வெளிச்சத்தில் பக்கத்து டிவியைத் தோற்கடிக்க அமைக்கப்பட்டவை.

5. டைனமிக் கான்ட்ராஸ்ட், பிளாக் என்ஹான்சர், ஃபிளெஷ் டோன், எக்கோ சென்சர், சுற்றுவெளிச்ச உணரி ஆகியவற்றை அணையுங்கள். இவை காட்சிக்கோ அறை வெளிச்சத்துக்கோ ஏற்ப அளவுகளைத் தாமாக மாற்றும். இவை ஓடும்போது நீங்கள் செய்யும் திருத்தம் எதுவும் நிலைக்காது.

6. சோதனைப் படங்கள் வேண்டும். ஏவிஎஸ் எச்டி 709 என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பென்டிரைவிலோ வட்டிலோ ஏற்றிப் பயன்படுத்தலாம். நீங்கள் அதிகம் பார்க்கும் கருவி எந்த எச்டிஎம்ஐ வாசலில் இருக்கிறதோ அந்த வாசல் வழியாகவே ஓட்டுங்கள். பல டிவிகள் ஒவ்வொரு வாசலுக்கும் தனி அளவுகளை நினைவில் வைத்திருக்கும்.

குறிப்பு: இப்போதிருக்கும் எல்லா அளவுகளையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். வழி தவறினால் திரும்ப ஒரு பாதை வேண்டும்.

கறுப்பு, பிறகு வெள்ளை

7. முதலில் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் அல்லது ஆர்ஜிபி ரேஞ்ச் என்ற அமைப்பைப் பாருங்கள். திரைப்படமும் ஒளிபரப்பும் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எண்ணுகின்றன; கணினி 0 முதல் 255 வரை எண்ணும். அனுப்பும் கருவி ஒன்றையும் டிவி மற்றொன்றையும் எண்ணினால் படம் சாம்பல் பூத்தது போல் வெளுக்கும், அல்லது நிழலெல்லாம் ஒரே கறுப்பாய் அடைபடும். நிறம் மங்கல் என்ற புகார்களில் எத்தனையோ இந்த ஒரு பொருத்தமின்மையால் வருபவை. இரண்டு அமைப்புகளையும் மாற்றிப் பார்த்து, கறுப்பு கறுப்பாகவும் நிழலில் விவரம் தெரியும்படியும் இருப்பதை வையுங்கள்.

8. கறுப்புச் சோதனைப் படத்தைப் போட்டு, அறையை இருட்டாக்கி, பிரைட்னஸை இறக்குங்கள். 16ஆம் பட்டை பின்னணியோடு கரைய வேண்டும். 17, 18 பட்டைகள் மிக லேசாகத் துடிப்பது தெரிய வேண்டும். இங்கே நிறுத்துங்கள்.

9. வெள்ளைச் சோதனைப் படத்தைப் போட்டு, கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள். 234 வரையுள்ள பட்டைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அவை ஒன்றாகக் கலந்தாலோ, வெள்ளையில் செம்மையோ மஞ்சளோ படர்ந்தாலோ, அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

10. எட்டுக்கும் ஒன்பதுக்கும் மறுபடி ஒருமுறை போய்வாருங்கள். ஒன்றை அசைத்தால் மற்றது சிறிது நகரும்.

பிரைட்னஸை இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதற்கு பிளாஸ்மாவுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகக் கறுப்புக் காட்சியிலும் மிக மெல்லிய மின்பாய்வு நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இதன் கறுப்பு முழுப் பூஜ்யம் அல்ல. அதன்மேல் நீங்களும் இரண்டு படி ஏற்றிவிட்டால், கருஞ்சிவப்புப் பட்டுக்குள்ளும் அடர்நீல வானத்துக்குள்ளும் சாம்பல் புகுந்துவிடும். நிறம் வெளுத்ததாகக் கண் சொல்லும், கை 'கலர்' அளவைத் தேடும். வெள்ளைப் பக்கமும் அப்படித்தான். கான்ட்ராஸ்டை உச்சத்துக்குத் தள்ளும்போது மூன்று நிறங்களும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று முட்டி நின்றுவிட, மற்றவை மேலே போகும். நெற்றியிலும் மூக்கிலும் பளிச்சென்ற இடங்கள் வேறு நிறமாகத் திரிவது அதனால்தான். மின்வரம்பும் விரைவில் குறுக்கிடும், பிம்பம் பதியும் வாய்ப்பும் கூடும்.

நிறவெப்பம்

11. 'கலர் டெம்பரேச்சர்' என்பதை வார்ம் நிலைக்கு மாற்றுங்கள். வார்ம் 1, வார்ம் 2 என்று இரண்டு இருந்தால் இரண்டாவது.

இந்தப் படியில்தான் எதிர்ப்பு அதிகம் வரும். மஞ்சளாக இருக்கிறது, பழைய புகைப்படம் போல் இருக்கிறது என்பார்கள். அந்த உணர்வு பொய்யல்ல. ஆனால் அது திரையைப் பற்றிய தீர்ப்பும் அல்ல. 'கூல்' நிலையின் வெள்ளை பெரும்பாலும் 9000 கெல்வினுக்கு மேல், நீலம் தூக்கலாக இருக்கும். அதற்குப் பழகிய கண்ணுக்கு எது வந்தாலும் மஞ்சள்தான். குண்டு பல்பின் அடியில் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தெரிவதும் இதே பழக்கத்தால். படத்தை உருவாக்கியவர்கள் நிறம் பார்த்த திரை எதற்கு அமைக்கப்பட்டிருந்தது என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. உயர்தெளிவு ஒளிபரப்புக்கான 709 என்ற சர்வதேசப் பரிந்துரை வெள்ளையை டி65 என்று வரையறுக்கிறது, ஏறக்குறைய 6500 கெல்வின். அதற்கு மிக அருகில் வருவது வார்ம். ஒரு வாரம் இதிலேயே பார்த்துவிட்டுக் கூலுக்குத் திரும்புங்கள். அப்போது முகங்களெல்லாம் குளிரில் விறைத்த நீலமாகத் தெரியும்.

ரசனை என்று ஒன்று உண்டே, என் டிவி, எனக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். தாராளமாக. ஆனால் ரசனைக்கேற்ப விலகுவதற்கும் ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். சரியான நிலையிலிருந்து இரண்டு படி கூட்டிக்கொள்வது விருப்பம். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் கூட்டுவது தடுமாற்றம்.

12. உங்கள் மாடலில் வெள்ளைச் சமநிலைக்குத் தனி மெனு இருந்தால், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவுகள் தெரியும்: இருண்ட பகுதிக்கு ஆஃப்செட் அல்லது கட், வெளிச்சப் பகுதிக்குக் கெயின் அல்லது டிரைவ். கலரிமீட்டர் என்ற நிறமளக்கும் கருவி கிடைத்தால், எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளோடு, முப்பது விழுக்காட்டுச் சாம்பலை ஆஃப்செட்டிலும் எண்பது விழுக்காட்டுச் சாம்பலைக் கெயினிலும் சரிசெய்து, இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று முறை போய்வாருங்கள். கருவி இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். கண் சில நிமிடங்களில் எந்தச் சாயலுக்கும் இணங்கிப்போகும். அதை நம்பி இந்த மெனுவில் இறங்கினால் நிலைமை மோசமாவதற்கே வாய்ப்பு அதிகம்.

கருவியோடு இறங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். திரையை முழுக்க நிரப்பும் சாம்பலை அளக்காதீர்கள். மின்வரம்பு குறுக்கிட்டு அளவு பொய்யாகும். நடுவே சிறு சதுரமாக வரும் படத்தையே பயன்படுத்துங்கள். அடுத்து, நீலம் தேய்ந்த பேனலில் நீலக் கெயினை ஏற்றாதீர்கள். மிகுந்திருக்கும் சிவப்பையும் பச்சையையும் இறக்குங்கள். தளர்ந்த பாஸ்பரை மேலும் விரட்டினால் அது உச்சத்தில் முட்டும், இன்னும் வேகமாகத் தேயும். இறக்குவதால் மொத்த ஒளி சற்றுக் குறையும். பன்னிரண்டு வயதுப் பேனலுக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகும்.

குறிப்பு: காமா அமைப்பு இருந்தால் விளக்கெரியும் அறைக்கு 2.2, இருண்ட அறைக்கு 2.4.

இப்போது கலர், டின்ட்

13. நிறப்பட்டைச் சோதனைப் படத்தைப் போடுங்கள். சில சாம்சங் மாடல்களில் 'ஆர்ஜிபி ஒன்லி மோட்' இருக்கிறது. அதில் நீலத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நீல வடிகட்டித் தாள் வழியாகப் பாருங்கள். தாள் தகுதியானதா என்றறிய, அதன்வழி சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் கறுப்பாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தத் தாள் உதவாது.

14. வெள்ளை அல்லது சாம்பல் பட்டையும் நீலப் பட்டையும் ஒரே அளவு ஒளிரும்வரை கலரை நகர்த்துங்கள்.

15. சயான், மெஜந்தா பட்டைகள் ஒரே அளவு ஒளிரும்வரை டின்ட்டை நகர்த்துங்கள். எச்டிஎம்ஐ வழி வரும் படத்துக்கு டின்ட் பெரும்பாலும் நடுவிலேயே நின்றுவிடும். வெகுதூரம் நகர்த்த நேர்ந்தால் முந்தைய படிகளில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

16. தாளை எடுத்துவிட்டு, அல்லது 'ஆர்ஜிபி ஒன்லி மோட்'டை அணைத்துவிட்டு, பலவகைத் தோல்நிறங்கள் வரும் காட்சிகளில் சரிபாருங்கள். கன்னங்கள் தீக்காயம் போல் சிவந்தால் கலரை ஒன்றிரண்டு படி இறக்குங்கள். சில டிவிகள் சிவப்பைக் கூடுதலாகவே காட்டும். நீலத்தை வைத்துச் செய்த அளவு அதைப் பிடிக்காது.

17. ஷார்ப்னஸை, எழுத்துகளின் ஓரத்தில் வெண்கோடு மறையும்வரை இறக்குங்கள்.

செட்டாப் பாக்ஸில் மட்டும் நிறம் வேறாகத் தெரிந்தால் டிவியைத் தொடாதீர்கள். பழைய தரத் தெளிவும் உயர்தெளிவும் நிறத்தைக் கணக்கிடும் விதம் வேறு. பாக்ஸ் ஒன்றை மற்றதாக மாற்றும்போது பிசகினால் சிவப்பும் பச்சையும் சற்றே தடம் மாறும். பாக்ஸின் வெளியீட்டுத் தெளிவை மாற்றிப் பாருங்கள்.

இதே மாடலுக்கு இணையத்தில் யாரோ தந்த எண்களை அப்படியே போட்டால் ஆகாதா? பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், படமுறை ஆகியவற்றுக்கு அவை நல்ல தொடக்கம். வெள்ளைச் சமநிலை எண்களை நகலெடுப்பதில் பொருளில்லை. ஒரே மாடலின் இரண்டு பேனல்கள் கடையிலிருந்து வரும்போதே ஒன்றல்ல; வேறுவேறு வீடுகளில் வேறுவேறு மணிநேரம் ஓடியபின் இன்னும் விலகியிருக்கும்.

பதிந்த பிம்பம்

சேனல் சின்னம், செய்தி ஓடும் பட்டை, படத்தின் மேலும் கீழும் கறுப்பு வரிகள் ஆகியவை நெடுநேரம் நின்றால் அந்த இடத்துப் பாஸ்பர் மட்டும் வேறு அளவில் தேயும். தேய்ந்த திட்டை நிறத் திருத்தம் எதுவும் மறைக்காது. பானசோனிக்கில் பிக்சல் ஆர்பிட்டர், சாம்சங்கில் பிக்சல் ஷிஃப்ட், எல்ஜியில் ஆர்பிட்டர் என்ற அமைப்பை எப்போதும் இயக்கியே வையுங்கள். நிழல் லேசாகத் தெரியத் தொடங்கினால் திரை முழுதும் நிரம்பிய, அசையும் படத்தைச் சில மணிநேரம் ஓடவிடுங்கள். தற்காலிகப் பதிவென்றால் மறைந்துவிடும். பல நாள் இப்படி ஓட்டியும் மறையாவிட்டால் அது நிரந்தரம் என்று கொள்ளலாம்.

பாதுகாப்பு

மின்னழுத்தத்தை ஏற்றினால் பழைய பேனல் பளிச்சென்றாகும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. உள்ளேயுள்ள பலகைகளில் அதற்கான திருகுகள் இருப்பதும் உண்மை. அதை மட்டும் செய்யாதீர்கள். பேனலுக்குப் போகும் அழுத்தம் ஏறக்குறைய 200 வோல்ட், மின்வழங்கியின் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டை ஒட்டி நேர்மின்சாரம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். உயிருக்கு ஆபத்தான அளவு அது. பேனலுக்குக் குறித்த அளவைத் தாண்டினால் இயக்கிப் பலகைகள் எரிவதும் நடக்கும், அவற்றுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது. இருண்ட காட்சியில் சிவப்பு, பச்சைப் பொறிகள் தெறிப்பது, செங்குத்துக் கோடுகள் விழுவது, பாதித் திரை வேறு ஒளியில் இருப்பது ஆகியவை பலகை அல்லது பேனல் கோளாறுகள். மெனுவில் நேரம் கழிக்காமல் அனுபவமுள்ள டெக்னீஷியனை அழையுங்கள். சர்வீஸ் மெனுவிலும் நீங்களே இறங்காதீர்கள்.

பெரிய பிளாஸ்மாக்கள் பல 25 கிலோவைத் தாண்டும், கண்ணாடிப் பேனல். இரண்டு பேர் சேர்ந்து நிமிர்ந்த நிலையிலேயே தூக்குங்கள், படுக்க வைக்காதீர்கள். மேலும் பின்னும் காற்றுப் போக இடம் விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டரைத் தாண்டிய ஊர்களில் காற்றழுத்தம் குறைவதால் பேனல் ரீங்கரிக்கக்கூடும். கான்ட்ராஸ்டைக் குறைத்தால் சத்தமும் ஓரளவு குறையும்.

திருத்தம் முடிந்ததும் எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதி டிவியின் பின்புறம் ஒட்டிவையுங்கள். ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் அவை ஒரே நொடியில் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை கறுப்பு-வெள்ளைச் சோதனையையும் 8 முதல் 10 வரையுள்ள படிகளையும் மட்டும் திரும்பச் செய்தால் போதும். வார்ம் நிலையிலும் சாம்பல் மஞ்சளாகவே இருந்து, கெயினில் சிவப்பையும் பச்சையையும் இறக்க இனி இடமில்லை என்றானால், அந்தப் பேனலின் நீலம் தீர்ந்துவிட்டது. அதற்குமேல் பணம் செலவழிக்க வேண்டாம்.